கார் விற்கவில்லையா? முதலில் ஆர்சியை எடுத்துப் பாருங்கள்

எண்ணூர் விரைவுச் சாலை ஓரத்திலும் திருவொற்றியூர்ச் சந்துகளிலும், ‘விற்பனைக்கு’ என்ற அட்டை வெளுத்துப்போன கார்கள் மாதக்கணக்கில் நிற்கின்றன. சொந்தக்காரரைக் கேட்டால் மார்க்கெட் சரியில்லை என்பார். கொஞ்சம் உண்மைதான். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. புதுக்காரே விலை இறங்கிய பிறகு, பழைய காருக்குப் போன வருட விலையைச் சொன்னால் யார் வருவார்? உப்புக்காற்று வேறு. ராயபுரம் முதல் எண்ணூர் வரை கடலோரத்தில் நின்ற கார் என்றாலே, வாங்க வருபவர் மிதியடியைத் தூக்கித் தரையைத் தட்டுகிறார். கதவின் அடிவிளிம்பில் விரலை ஓட்டித் துருவைத் தேடுகிறார். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் நின்ற வண்டியா என்றும் கேட்பார். மறைக்காதீர்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால் சேற்றுக்கறை தெரிந்துவிடும்.

விலை படிந்த பேரமும் முறிந்துபோவதற்குப் பெரும்பாலும் காரணம் ஆர்சி. கடனை அடைத்து வருடக்கணக்காகியிருக்கும், ஆர்சியில் பைனான்ஸ் கம்பெனி பெயர் அப்படியே இருக்கும். வங்கி கொடுத்த என்ஓசியைப் பீரோவில் பூட்டி வைத்தால் அந்தப் பெயர் தானாக அழியாது. படிவம் 35-ல் நீங்களும் கடன் கொடுத்தவரும் கையெழுத்திட்டு, என்ஓசியுடன் ஆர்டிஓ அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். சொந்தக்காரர் இறந்துவிட்டால் மகன் நினைத்தபடி விற்க முடியாது. தாசில்தார் அலுவலக வாரிசுச் சான்று, இறப்புச் சான்று, படிவம் 31 ஆகியவற்றோடு முதலில் வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். அவகாசம் மூன்று மாதம். பதிவாகி 15 ஆண்டு முடிந்த காரா? ஆர்சியைப் புதுப்பித்துவிட்டுப் பிறகு விலை பேசுங்கள். அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலிலேயே 600 ரூபாயிலிருந்து 5,000 ஆகிவிட்டது. நிலுவை அபராதத்தையும் பரிவாஹன் தளத்தில் பார்த்துக் கட்டிவிடுங்கள்.

புரோக்கர் இல்லாமல் ஆர்டிஓவில் எதுவும் நடக்காது என்கிறார்கள். கவுன்டரில் அரை வார்த்தை சொல்லி அனுப்பும் அலுவலர்கள் வளர்த்துவிட்ட எண்ணம் அது. அதற்காக வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதா? காத்துச் சலித்த பலரும் அதைத்தான் செய்கிறார்கள்: பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல் கையெழுத்து மட்டும் போட்டு, சாவியோடு யாரிடமோ தள்ளிவிடுகிறார்கள்.

நவீன்குமார் எதிர் விஜய்குமார் வழக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். 2007-ல் விற்ற கார் பல கை மாறியது. பெயர் மட்டும் மாறவில்லை. 2009-ல் அது விபத்தில் சிக்கியது. ஆர்சியில் யார் பெயரோ அவர்தான் உரிமையாளர், இழப்பீடும் அவர் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வேண்டாம். உறவினருக்கே விற்றாலும் வேண்டாம்.

தனி ஆளுக்கு விற்றால், வாங்குபவர் பெயர், முகவரி, தேதி எல்லாம் நிரப்பிய படிவம் 29-ஐ 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வாங்கியவருக்குப் பெயர் மாற்ற 30 நாள் உண்டு. இன்சூரன்ஸை அவர் பெயருக்கு மாற்ற 14 நாள்தான். வண்டியை ஒப்படைத்த தேதியையும் நேரத்தையும் எழுதி, அவருடைய கையெழுத்தையும் அடையாள அட்டை நகலையும் வாங்கி வையுங்கள். டீலரிடம் விடுவதானால், 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள விதிப்படி ஆர்டிஓ அங்கீகாரச் சான்று அவரிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். அங்கீகாரம் பெற்றவரிடம் விட்டு, படிவம் 29சி-யை இணையத்தில் பதிந்தால் வண்டியின் பொறுப்பு அவருக்குப் போய்விடும். சான்று இல்லை, ‘நம்பிக்கைதான் சார்’ என்றால் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

பணம் கைக்கு வந்து ஒரு மாதம் கழித்துப் பரிவாஹனில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். உங்கள் பெயரே இருந்தால், படிவம் 29 ஒப்புகையை இணைத்து அன்றைக்கே ஆர்டிஓவுக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள்.