டேப்பட் சத்தம்

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். முதல் கியரும் இரண்டாம் கியருமாக ஊர்ந்தே ஏற வேண்டும். அந்த வேகத்தில் எஞ்சின் மேல் எதிர்க்காற்று படாது. நல்ல சூடு ஏறிவிடும். போய்த் திரும்பிய கையோடு பேளுக்குறிச்சியில் வண்டியை நிறுத்தி, “டேப்பட் அடிக்குதுங்கண்ணா, கொஞ்சம் டைட் வெச்சுடுங்க” என்றால், விவரமான மெக்கானிக் ஸ்பேனரைத் தொடமாட்டார். “விட்டுட்டுப் போங்க, காலைல பார்க்கறனுங்க.”

டேப்பட் வைப்பது என்றால், வால்வின் நுனிக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே இடைவெளி விடுவது. 100 சிசி வண்டிகள் பலவற்றில், எஞ்சின் ஆறியிருக்கையில், அது 0.05 மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். தலைமுடி கூட நுழையச் சிரமப்படும்.

வால்வு எஃகு. 65 மி.மீ. நீள வால்வு சராசரியாக 200 டிகிரி சூடேறினால் சுமார் 0.16 மி.மீ. நீளும். விட்ட இடைவெளியைப் போல மூன்று மடங்கு! அப்படியும் எஞ்சின் ஓடுகிறதே? ராக்கரைத் தாங்கும் ஹெட் அலுமினியம். எஃகைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும். 100 டிகிரி சூட்டிலேயே அதே நீளத்துக்கு 0.15 மி.மீ. வளர்ந்து, ராக்கரையும் மேலே தூக்கிக்கொள்கிறது. வால்வு தின்ற இடத்தை ஹெட் திருப்பித் தருகிறது. குறைவதை ஈடுகட்டத்தான் அந்த முடியளவு. எக்ஸாஸ்ட் வால்வு கூடுதலாகக் காய்வதால் பல எஞ்சின்களில் அதற்குச் சற்று அதிகம் விடுவார்கள்.

1955 முதல் சென்னையில் உருவான பழைய புல்லட்டில் கணக்கே வேறு. வால்வைத் திறக்கும் கேம் கீழே, வால்வு மேலே, நடுவில் நீண்ட புஷ்ராடு. ஆறிய எஞ்சினில் இடைவெளியே விடுவதில்லை: ராடு விரலால் திருப்பினால் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. சூட்டில் சிலிண்டரும் ஹெட்டும் வளர்ந்து இடைவெளியைத் தாமே உண்டாக்கிக்கொள்ளும்.

லூசான டேப்பட் கத்திக் காட்டிக்கொடுக்கும். டைட்டானது வாயே திறக்காது. எனக்குப் பயம் அதனிடம்தான். எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டின் பெரும்பங்கை, மூடி உட்காரும் நேரத்தில் சீட் வழியாகத்தான் இறக்கி வைக்கிறது. இடைவெளி இல்லையென்றால் முழுதாக உட்காராது. கசியும் நெருப்பு அதன் விளிம்பைத் தின்றுவிடும். போதாக்குறைக்கு, ஓட ஓட வால்வு சீட்டுக்குள் அமிழ, இடைவெளி தானாகவே சுருங்குவதும் உண்டு. சத்தம் அடங்கியதே என்று ஓட்டுபவர் மகிழ்ந்திருப்பார். கம்ப்ரஷன் போய், வண்டி பத்தாவது வளைவிலேயே திணறும்.

காலையில் மெக்கானிக் பிஸ்டனை மேலே நிறுத்தி, ஃபீலர் கேஜ் தகட்டை நுழைத்து இழுப்பார். தகடு லேசாகப் பிடித்துக்கொண்டு வந்தால் லாக் நட்டை இறுக்குவார். ஸ்டார்ட் செய்ததும் மெல்லிய ‘டிக் டிக்’ கேட்கும். அதைக் குறைக்கச் சொல்லாதீர்கள்.