துப்பாக்கிக் கட்டையில் ஊறிய பழைய எண்ணெயை அகற்றும் முறை

வங்காளத்தில் உள்ள இஷாப்பூரில் 1904-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட துப்பாக்கித் தொழிற்சாலையில் உருவான .303 ரைபிள்கள், இராணுவத்திலும் போலீசிலும் தேசிய மாணவர் படைப் பயிற்சியிலும் பல்லாண்டுகள் வழங்கிவந்தன. இத்தகைய பழைய ரைபிள்களின் மரக்கட்டை கறுத்துப் பிசுபிசுப்பாக இருப்பதுண்டு. இது மேற்பரப்பில் படிந்த அழுக்கு மட்டுமன்று. மரத்தின் நுண்குழாய்களுக்குள் ஊறிய எண்ணெயாகும். எண்ணெய் ஊறிய கட்டையில் வெடிப்புக் கண்டால், அவ்விடத்தில் பசை பிடிப்பதில்லை. பின்னுதைப்பைத் தாங்க வேண்டிய பகுதிக்கு இது பெருங்குறையாகும்.

மரத்திற்குப் பூசப்படும் ஆளிவிதை எண்ணெய், காற்றிலுள்ள பிராணவாயுவுடன் சேர்ந்து கெட்டியான படலமாக மாறுகிறது. இரும்புப் பகுதிகளுக்கு இடப்படும் கனிம எண்ணெயோ உலர்வதில்லை. துப்பாக்கியைக் குழல் மேல்நோக்கியிருக்குமாறு நிறுத்தி வைத்தால், மிகுதியான எண்ணெய் கீழிறங்கி மரத்தில் ஊறும். இரு கண்ணாடித் துண்டுகளில் இவ்விரு எண்ணெய்களையும் மெல்லியதாகத் தடவிச் சில நாட்கள் வைத்து, ஆசிரியர்கள் இவ்வேறுபாட்டை மாணவர்க்குக் காட்டலாம்.

துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை உறுதி செய்து, கட்டையைப் பிரித்தெடுக்கும் பணி, பயிற்சி பெற்ற ஆர்மரருக்கே உரியது. பிரித்த கட்டையை மிதமான வெயிலில் வைத்தால், உஷ்ணத்தால் எண்ணெய் இளகி மேலே கசியும். அதனை உடனுக்குடன் துணியால் ஒற்றியெடுக்க வேண்டும்.

எஞ்சியதை எடுக்க, சீமைச்சுண்ணாம்பின் மென்பொடியை அசிட்டோனில் குழைத்துக் கட்டையின் மீது கனமாகப் பூச வேண்டும். அசிட்டோன் எண்ணெயைக் கரைக்கிறது. பொடியின் நுண்ணிடைவெளிகள் அக்கரைசலை உறிஞ்சுகின்றன. அசிட்டோன் ஆவியானபின் எண்ணெய் பொடியிலேயே தங்கி, பொடி பழுப்பு நிறமடைகிறது. உலர்ந்த பொடியைத் தூரிகையால் நீக்கி, பொடி நிறம் மாறாதிருக்கும் வரை மீண்டும் மீண்டும் பூசி வரவேண்டும். ஒரே முறையில் முழுப்பயன் கிட்டாது.

அசிட்டோன் எளிதில் தீப்பற்றும். அதன் ஆவி காற்றினும் கனமானதால் தரையோடு பரவும். ஆகவே, இவ்வேலையைத் திறந்த வெளியில், நிழலில், நெருப்பும் மின்பொறியும் இல்லாத இடத்திலேயே செய்ய வேண்டும். பெட்ரோல் கூடவே கூடாது. காஸ்டிக் சோடா மரநாரையே அரிக்கும். உப்புத்தாளால் தேய்த்தால் எண்ணெய் போகாது; மரத்தில் பொறித்த பழைய முத்திரைகளே அழியும்.

எண்ணெய் நீங்கிய கட்டைக்கு ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகப் பூசி, ஒவ்வொரு பூச்சும் உலர்ந்தபின் அடுத்ததை இடவேண்டும். பூசிய துணியைச் சுருட்டி எறிதல் ஆபத்தாகும். எண்ணெய் உலரும்போது பிறக்கும் உஷ்ணம் துணிக்குவியலுக்குள் அடைபட்டு, தானே தீப்பற்றக்கூடும். அத்துணிகளை நீரில் நனைத்து, மூடியுள்ள தகர டப்பாவில் இட்டு அப்புறப்படுத்த வேண்டும். இரும்புக்கு எண்ணெயிட்டபின் மிகுதியைத் துடைத்துவிடுவதே, இக்குறை மீண்டும் வாராமற் காக்கும் வழியாகும்.