மாறியது கண்ணா, அளவா?

என் சித்தி பையனுக்கு இரண்டு வருஷத்தில் மூன்று தடவை கண்ணாடி மாற்றியாச்சு. ஒவ்வொரு தடவையும் சிலிண்டர் பவர் கொஞ்சம் ஏறும். "போனைக் கீழ வை, எல்லாம் சரியாப் போயிடும்" என்பது வீட்டு வைத்தியம். அவனுக்கோ லேசிக் பண்ணிக்கொண்டு கண்ணாடியைத் தூக்கிப் போட ஆசை. அதற்காகப் போன இடத்தில்தான் கார்னியாவை ஸ்கேன் எடுத்துவிட்டு, "லேசிக் வேண்டாம், கெரட்டோகோனஸ் மாதிரி தெரியுது, ஆறு மாசம் கழிச்சு மறுபடி எடுத்துப் பார்ப்போம்" என்றார்கள்.

அந்தக் கலர் படத்தை வாட்ஸப்பில் அனுப்பிக் கேட்டான்: "அண்ணா, சிவப்பா இருக்கிற இடத்துல புண்ணு ஏதாவது இருக்கா?"

இல்லைடா. அது போட்டோவே இல்லை, கணக்கு. எங்கே வளைவு அதிகமோ அங்கே கம்ப்யூட்டர் சிவப்பு பூசுகிறது. அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதி வைக்கிறேன்.

கருவிழிக்கு மேல் வாட்ச் கண்ணாடி மாதிரி மூடியிருக்கும் தெளிவான படலம்தான் கார்னியா. குறுக்களவு சுமார் 12 மில்லிமீட்டர். நடுவில் தடிமன் அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. கண்ணின் மொத்தத் திறன் சுமார் 60 டயாப்டர் என்றால், அதில் 43 போல இதனுடையது. உள்ளே இருக்கிற லென்ஸைவிட இதுதான் பெரிய லென்ஸ். கெரட்டோகோனஸில் இந்தப் படலம் மெலிந்து கூம்பு மாதிரி முன்னால் பிதுங்கும். பெரும்பாலும் பதின்ம வயதிலோ இருபதுகளிலோ தொடங்கும். கண்ணைக் கசக்கும் பழக்கம் இருந்தால் இன்னும் மோசம். ஏற்கெனவே மெலிந்த படலத்தை லேசிக்கில் மேலும் சீவினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சரி, இந்த வளைவை எப்படி அளக்கிறார்கள்?

1880 வாக்கில் போர்த்துகலைச் சேர்ந்த பிளாசிடோ என்ற கண் மருத்துவர் ஒரு தட்டில் கறுப்பு வெள்ளை வளையங்கள் வரைந்து, நடுவில் ஓட்டை போட்டு, அதன் வழியாக நோயாளியின் கண்ணில் தெரியும் பிரதிபலிப்பைப் பார்த்தார். எவர்சில்வர் குடத்தில் முகம் பார்த்திருப்பீர்கள். குடம் நசுங்கிய இடத்தில் மூக்கு கோணலாகும். அதே சமாச்சாரம்தான். கார்னியா ஒழுங்காக இருந்தால் வளையம் வட்டமாக இருக்கும், இல்லையென்றால் நெளியும். தட்டுக்குப் பின்னால் கேமராவும் கம்ப்யூட்டரும் வந்ததுதான் இன்றைய டோப்போகிராஃபி.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பிரதிபலிப்பு நமக்குச் சொல்வது சரிவை மட்டும்தான், உயரத்தை அல்ல. நடுவிலிருந்து ஒவ்வொரு வளையமாகக் கூட்டிக்கொண்டே போய்த்தான் உயரத்தைக் கணக்கிட வேண்டும். மளிகைக் கணக்கில் மேலே ஒரு வரி தப்பினால் கீழே எல்லாம் தப்பாவது போல, ஒரு வளையத்தின் பிழை அடுத்ததற்கும் போகும். கேமரா எட்டிப் பார்க்கும் நட்டநடு இடத்தில் வளையமே கிடையாது. அங்கே கணக்குதான் நிரப்புகிறது. போதாததற்கு, கண்ணாடியாக வேலை செய்வது கார்னியா மேலே இருக்கும் கண்ணீர்ப் படலம். அது காய்ந்தால் வளையம் உடையும். "நல்லா சிமிட்டிட்டு அப்படியே திறங்க" என்று டெக்னீஷியன் சொல்வது இதற்குத்தான்.

இதை வீட்டில் செய்து பார்த்தேன். அட்டையில் வளையங்கள் அச்சடித்து, ஓட்டை வழியாக போன் கேமரா. கண்ணுக்குப் பதில் 16 மில்லிமீட்டர் பால்ரஸ் குண்டு ஒன்றை 75 மில்லிமீட்டர் தள்ளி வைத்தேன். குண்டின் ஆரம் 8 மில்லிமீட்டர். 337.5-ஐ அந்த ஆரத்தால் வகுத்தால் டயாப்டர்: 42.2. படத்திலிருந்து கணக்குப் போட்டதில் அதையொட்டியே வந்தது. பிறகு போனை 1 மில்லிமீட்டர் மட்டும் கிட்டே நகர்த்தி, தூரத்தை மாற்றாமல் அதே கணக்கைப் போட்டேன். ஆரம் 8.2 என்றது. அதாவது 41.2 டயாப்டர். குண்டு அப்படியேதான் இருக்கிறது, கணக்கில் மட்டும் 1 டயாப்டர் காணோம்!

ஒரு டயாப்டர் சின்ன விஷயமா? நோய் வளர்கிறதா என்று முடிவெடுக்க மருத்துவர்கள் பார்க்கும் முக்கியமான அடையாளங்களில் ஒன்று, மிகச் செங்குத்தான இடம் ஒரு வருஷத்தில் 1 டயாப்டர் ஏறியதா என்பது. ஏறியிருந்தால் கிராஸ்-லிங்கிங்: ரைபோஃப்ளேவின் சொட்டு விட்டு, புற ஊதா ஒளி காட்டி, கார்னியாவை இறுக்குவது. அது நோயை நிறுத்தி வைக்கும், பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடாது. அதனால் தாமதமாகத் தெரிந்தால் இழந்தது இழந்ததுதான். தப்பாகத் தெரிந்தால் தேவையில்லாத சிகிச்சை. மருத்துவமனைக் கருவிகள் என் அட்டையைவிட எவ்வளவோ மேல். தூரத்தையும் மையத்தையும் தாங்களே சரிபார்க்கும். ஆனாலும் கூம்பு முற்ற முற்ற, ஒரே கண்ணை அடுத்தடுத்து அளந்தாலே எண்கள் முன்பின்னாக வரும்.

அடுத்து வந்த முன்னேற்றங்களை இந்தக் கோணத்தில் பார்த்தால் புரியும். ஷைம்ஃப்ளூக் கேமரா கார்னியாவை மெல்லிய ஒளிக்கீற்றால் வெட்டி, சாய்ந்த கோணத்தில் படம் எடுக்கிறது. அந்தப் பெயருக்கு உரியவர் வானிலிருந்து எடுத்த படங்களைத் திருத்த வழி தேடிய ஓர் ஆஸ்திரிய ராணுவ அதிகாரி. இந்த முறையில் உயரம் நேரடியாகவே கிடைக்கும். பின்புற வளைவும் தடிமனும்கூட. ஆனால் கீற்று ஒரு சுற்று சுற்ற சுமார் 2 விநாடி ஆகும். கண் அதுவரை சும்மா இருக்குமா?

1991-ல் எம்ஐடி குழு அறிவித்த ஓசிடி இதைவிட வேகம், நுணுக்கமும் அதிகம். கார்னியாவின் மேல்தோல் சுமார் 50 மைக்ரான் தடிமன். சுவர் மேடுபள்ளமாக இருந்தால் கொத்தனார் பட்டி பார்த்து மட்டமாக்குவார் இல்லையா? அந்த மேல்தோலும் அப்படித்தான்: மேட்டின் மேல் மெலிந்து, சுற்றிலும் தடித்து, ஆரம்பக் கூம்பை மூடி மறைத்துவிடும். மேற்பரப்பை மட்டும் பார்க்கும் வளையங்கள் இங்கே ஏமாறலாம். ஓசிடி அந்தப் பட்டியின் தடிமனையே அளந்து காட்டும்.

எதிர்த் திசையிலும் வேலை நடக்கிறது. பெங்களூரில் மைக்ரோசாஃப்ட் ரிசர்ச் இந்தியா குழு 3டி அச்சில் செய்த பிளாசிடோ கூம்பை போனில் மாட்டி, 101 கண்களில் சோதித்து 2021-ல் வெளியிட்டது. பெரிய கருவி இல்லாத ஊர்களில், யாரை மேல்சோதனைக்கு அனுப்புவது என்று சலித்தெடுக்கத்தான் இது. என் அட்டையில் பட்ட அந்த 1 மில்லிமீட்டர் அவஸ்தை அவர்களுக்கும் உண்டு; அதனால்தான் கண்ணுக்கும் போனுக்கும் உள்ள தூரத்தையும் அவர்கள் கணக்கில் சேர்க்கிறார்கள்.

தம்பி ஆறு மாசம் கழித்துப் போனபோது மூன்று விஷயம் சொல்லி அனுப்பினேன். அதே கருவியில் எடுக்கச் சொல், ஏனென்றால் இரண்டு கருவிகளின் எண்களை ஒப்பிடக் கூடாது. ஒரு தடவைக்கு இரண்டு மூன்று ஸ்கேன் எடுப்பார்களா என்று கேள். பழைய ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டு போ. மூன்று ஸ்கேன் எடுத்தார்கள். மூன்றிலும் வலது கண் ஒன்றரை டயாப்டர் ஏறியிருந்தது. மாறியது கண்தான். அடுத்த வாரமே கிராஸ்-லிங்கிங் முடிந்தது. இடது கண் அப்படியே இருக்கிறது. அதற்கு அடுத்த ஸ்கேன் தை மாசம்.

கண்ணைக் கசக்குவதை மட்டும் இன்னும் முழுசாக விட்டபாடில்லை.