நகர்ப் பெருக்கமும் பசுமை வளையமும்

நகரம் வளர்தல் இயல்பே. ஆயின் வரம்பின்றிப் பரவும் வளர்ச்சி நாட்டுப்புறத்தை அழிப்பதோடு நகர வாழ்வையும் கெடுத்துவிடும். சட்டத்தால் இதனைத் தடுத்தல் கூடுமோ என்னும் வினாவுக்கு இலண்டன் மாநகரின் வரலாறு தக்க விடை தருகின்றது.

இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் மின்சார இரயிலும் மோட்டார் வண்டியும் தொழிலிடத்துக்கும் வீட்டுக்குமிடையேயுள்ள தொலைவைச் சுருக்கின. புறநகர் நிலம் மலிவாகக் கிடைத்தது. பெருந்தெருக்களின் இருமருங்கும் வீடுகள் நாடாப்போல் நீண்டன. விளைநிலங்கள் மறைந்தன, நெடுந்தூரப் போக்குவரத்துக்கென அமைந்த தெருக்கள் நெருக்கடியுற்றன, குடிநீரையும் பிற வசதிகளையும் தொலைவிடங்களுக்குக் கொண்டுசெல்லுஞ் செலவு பொதுமக்கள்மீது விழுந்தது.

1935ஆம் ஆண்டுச் சட்டமொன்று தெருவோர வீட்டு வரிசைகளைக் கட்டுப்படுத்தியது. 1938ஆம் ஆண்டுச் சட்டம், இலண்டனைச் சூழ்ந்த திறந்த நிலங்களை உள்ளூராட்சி மன்றங்கள் வாங்கிக் காக்க வழிசெய்தது. எனினும், விலைகொடுத்துக் காக்கக்கூடிய நிலம் சிறிதளவே. 1947ஆம் ஆண்டின் நகர, நாட்டுப்புறத் திட்டச் சட்டமே அடிப்படையை மாற்றியது. நிலம் உடையவனுக்கே உரியது. அதிற் புதிதாகக் கட்டும் உரிமையோ அனுமதியைப் பொறுத்தது என்பது அச்சட்டத்தின் கோட்பாடு. இதனால் நிலத்தை வாங்காமலே பசுமை வளையத்தைப் பேண முடிந்தது. 1955இல் இம்முறையைப் பிற நகரங்களும் மேற்கொள்ளுமாறு அரசு தூண்டியது. இன்று இங்கிலாந்தின் நிலப்பரப்பில் ஏறத்தாழ எட்டிலொரு பங்கு பசுமை வளையமாகும்.

தடை ஒன்றே போதுமா? வீடு கட்டுவதைத் தடுத்தலால் வீடு வேண்டுவோர் குறைவதில்லை. இவ்வுண்மையை உணர்ந்த பற்றிக் அபர்குரொம்பி, 1944இல் வகுத்த பாரிய இலண்டன் திட்டத்தில், வளையத்தோடு அதற்கப்பாற் புதிய நகரங்களையும் சேர்த்தே அமைத்தார். 1946ஆம் ஆண்டின் புதிய நகரச் சட்டத்தின்படி, 1949க்குள் ஸ்டீவனேஜ், குரோலி, ஹார்லோ முதலிய எட்டு நகரங்கள் இலண்டனைச் சுற்றிக் குறிக்கப்பட்டன. குடியிருப்போர் நாள்தோறும் இலண்டனுக்கு ஓடாவண்ணம் தொழிற்சாலை, பாடசாலை, கடைவீதி என்பன வீடுகளோடு உடன் திட்டமிடப்பட்டன.

இவ்விரண்டும் இணைந்தே இயங்கவேண்டியவை. ஆயின், 1970க்குப் பின் புதிய நகரங்களை அமைக்கும் முயற்சி தளர்ந்தது, வளையமோ நிலைத்தது. வீட்டு விலை உயர்வதற்கு இதுவும் ஒரு காரணமாயிற்று. பலர் வளையத்துக்கு அப்பாற் குடியேறி, நாள்தோறும் அதனைக் கடந்து தொழிலுக்குச் செல்கின்றனர். பரவல் முற்றாக ஒழியவில்லை. ஒரு பகுதி வளையத்தைத் தாண்டிச் சென்றது. அதன் சுமையைத் தாங்குவோர், வளையத்தின் அழகை நுகரும் பழங்குடியினரல்லர். சொந்த வீடின்றி வாடகை செலுத்தும் இளந்தலைமுறையினரே.

எனவே, நகருக்கு எல்லை வகுக்கும் அரசு, எல்லைக்குள் இடம்பெறாதோர் எங்கு வாழ்வர் என்பதையும் உடன் வகுத்தல் வேண்டும். அவ்வாறு செய்யாத கொள்கை நிலத்தைக் காக்கும், மக்களைக் காவாது.