மாரடைப்பு இல்லை... மூச்சை பிடித்த "காளை தலை"!
நெஞ்சில் வலி. மூச்சை முழுசாக இழுக்க முடியவில்லை. மாரடைப்பு என்று பதறி ஓடுவார்கள். ஓடத்தான் வேண்டும். ஆனால் ஈ.சி.ஜி.யில் கோளாறு எதுவும் இருக்காது!

ஆசாமி யார்? "சாபோ" என்ற அபூர்வ நோய். 1987-ல் பிரான்சு நாட்டு டாக்டர்கள் வைத்த பெயர். காறை எலும்பும் விலா எலும்பும் நடு நெஞ்செலும்போடு சேரும் மூட்டுகள் வீங்கும். எலும்பு தடித்து விடும். சிலருக்கு நெஞ்சு கூடு சரியாக விரியாது. எலும்பு ஸ்கேன் எடுத்தால் அந்த இடம் கொம்பு வைத்த காளை தலை போல தெரியும்!

துப்பு வேறு இடத்தில் கிடக்கிறது. பலருக்கு உள்ளங்கை, உள்ளங்காலில் சீழ் கொப்புளம் இருக்கும். அல்லது கடுமையான பரு. "இதுக்கும் நெஞ்சு வலிக்கும் என்ன சம்பந்தம்?" என்று டாக்டரிடம் காட்டாமல் வந்து விடுவார்கள். கையை விரித்து காட்டியிருந்தால் அன்றே பிடிபட்டிருக்கும்.