பிள்ளைகளை மீட்கப் பணம் எங்கே?

உங்கள் வீட்டுப் பிள்ளை போதைப் பழக்கத்தில் விழுந்தால், அடித்துப் பயனில்லை, அழுதும் பயனில்லை. அது நோய். 1983-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வயது வராத பிள்ளைக்காகப் பெற்றோரே சிகிச்சை கோரலாம்.

சிகிச்சையோடு வேலை முடிவதில்லை. திரும்பி வரும் பிள்ளைக்குப் பேச்சுத் துணை வேண்டும், பஸ் காசு வேண்டும், கைத்தொழில் வேண்டும். கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் உள்ள நம் சங்கங்கள் இதற்கு மானியம் கேட்கலாமே! முதலில் சங்கப் பதிவிலாகாவில் பதிவும், தணிக்கை செய்த கணக்கும் கையில் இருக்கட்டும். மனுவில் எத்தனை பிள்ளைகள், எத்தனை மாதம், எதற்கு எவ்வளவு என்று தெளிவாக எழுதுங்கள்.

மானியம் ஒருநாள் தீரும். அதன்பின்? துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில், மாதம் 10 வெள்ளி கட்டித்தான் பால்மரத் தொழிலாளர்கள் தோட்டங்களையே வாங்கினார்கள். நிலத்தைக் காத்த கைகள் பிள்ளைகளைக் காக்காதா?