பெக்ஜே நாட்டுப் புன்னகை

அரண்மனை வாயில் வழியாக ஒரு தேசத்துக்குள் நுழைந்த மதம் அந்நாட்டுக் குடியானவனின் மனத்தைச் சென்றடைய எத்தனை காலம் பிடிக்கும் என்று அறிய விரும்புவோர், கொரியாவின் ஆதி பௌத்தச் சிற்பங்களைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கி.பி. 372-ஆம் ஆண்டில், வட சீனத்தை ஆண்ட முன் சின் வமிசத்து அரசன் ஃபூ ஜியென், சுன்டோ என்ற பிக்ஷுவின் கையில் புத்தப் பிரதிமைகளையும் சூத்திர நூல்களையும் கொடுத்து, அன்றைய கொரியாவின் மூன்று அரசுகளுள் ஒன்றான கோகுர்யோவின் மன்னன் சோசுரிமின் சபைக்கு அனுப்பிவைத்தான். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, சீனத்திலிருந்து மரனந்தர் என்ற பிக்ஷு இரண்டாவது அரசான பெக்ஜேக்கு வந்து சேர்ந்தார். தென்கிழக்குக் கோடியிலிருந்த சில்லா மட்டும் நெடுங்காலம் கதவைத் திறக்கவில்லை. 527-இல் இச்சாதோன் என்ற இளம் அதிகாரி சிரச்சேதம் ஏற்று, அவன் கழுத்திலிருந்து வெண்ணிறக் குருதி பீறிட்டது என்ற ஐதிகம் எழுந்த பிறகே, புதுச் சமயம் அங்கே காலூன்றியது.

அக்காலத்துப் பிரதிமைகளில் பல கையடக்கமானவை. தென் கொரியாவில் உய்ரியோங் என்னுமிடத்தில் 1963-இல் கிடைத்த பொன்முலாம் பூசிய வெண்கலப் புத்தர், பீடமும் திருவாசியும் சேர்ந்தே 16.2 சென்டிமீட்டர் உயரந்தான். மெலிந்து நீண்ட முகமும், இருபுறமும் கூர்ந்து விரியும் சீவரத்தின் ஓரங்களும், சுழன்றெழும் தீச்சுடர் கீறிய திருவாசியும் வட சீனத்து வேய் வமிசக் கலையின் சாயலையே காட்டுகின்றன. எனினும் ரசிகனை நிறுத்திவைப்பது திருவாசியின் பின்புறத்தில் நான்கு வரிகளாகப் பொறித்த 47 எழுத்துக்களே. கோகுர்யோவின் பியாங்யாங் நகரத்து விகாரையொன்றைச் சேர்ந்த குருவும் சீடருமாக 40 பேர், பத்ரகல்பம் எனப்படும் இந்த யுகத்தின் ஆயிரம் புத்தர்களையும் வார்த்து எங்கும் பரப்பச் சங்கற்பம் செய்துகொண்டனர் என்றும், இது அவ்வரிசையில் 29-ஆவது உருவம் என்றும் அந்தச் சாசனம் கூறுகிறது. அதில் குறித்த ஆண்டை 539 என அறிஞர் கணிக்கின்றனர். வடக்கே கோகுர்யோவில் வார்த்த உருவம் தெற்கே பழைய சில்லா நாட்டு மண்ணில் புதைந்து கிடந்ததென்றால், அந்த நாற்பது பேரின் சங்கற்பம் வீண்போகவில்லை என்றே கொள்ளலாம்.

சில்லா பிந்தி வந்தாலும் பெருமிதத்தில் பிந்தவில்லை. 574-இல் ஹ்வாங்னியோங் விகாரையில் வார்த்த பதினாறடிப் புத்தருக்கான உலோகத்தையும் பொன்னையும், தம்மால் அவ்வுருவத்தை வார்க்க இயலாது போன அசோகச் சக்கரவர்த்தியே கப்பலேற்றிக் கடலில் விட்டார் என்று, 13-ஆம் நூற்றாண்டில் இர்யோன் என்ற பிக்ஷு தொகுத்த ‘சம்குக் யூசா’ கூறுகிறது. எண்ணூறு ஆண்டுகளாக அந்தக் கப்பல் எங்கே மிதந்துகொண்டிருந்தது என்று கேட்பது அரசிகத்தனம். சீனத்தின் இடைத்தரகு இல்லாமல், புத்தர் பிறந்த பூமியோடு நேரே உறவு கொண்டாட விழைந்த ஒரு சிறு நாட்டின் ஆசை அது. 1238-இல் மங்கோலியர் இட்ட தீயில் விகாரை அழிந்தது. பீடக் கற்கள் மிஞ்சின.

கொரியச் சிற்பியின் உள்ளம் முழுமையாக வெளிப்பட்டது, என் எண்ணத்தில், கல்லிலேதான். சீனத்துக்குக் கடல் கடக்கும் துறைகளிலிருந்து பெக்ஜேயின் தலைநகரான புயோவுக்குச் செல்லும் பாதையில், சோசான் அருகே ஒரு மலைப்பாறையில், ஆறாம் நூற்றாண்டின் இறுதியிலோ ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ மூவரைச் செதுக்கியிருக்கிறார்கள். நடுவே 2.8 மீட்டர் உயரப் புத்தர் ஒரு கையால் அபயமும் மறுகையால் வரதமும் காட்டி நிற்க, ஒருபுறம் மணியேந்திய போதிசத்துவர் நிற்கிறார். மறுபுறம், காலை மடித்துப் போட்டுக் கன்னத்தில் விரல் வைத்த போதிசத்துவர் அமர்ந்திருக்கிறார். கன்னங்கள் உப்ப, கண்கள் அகல, புத்தர் வாய்விட்டுச் சிரிக்கப்போகிறவர்போல் இருக்கிறார். வெயில் சாயச் சாய அந்தச் சிரிப்பின் பாவமும் மாறும். மழைக்குப் பாதுகாப்பாக எழுப்பிய மண்டபம் வெளிச்சத்தைத் தடுத்து அதைக் கெடுத்ததால், பின்னாளில் அகற்றிவிட்டார்கள்.

1959-இல் இப்பகுதியை ஆராய வந்தவர்களிடம் ஒரு விறகுவெட்டி, “மலைமேலே சாமி ஒருத்தர் ரெண்டு பெண்டாட்டியோட சிரிச்சுக்கிட்டிருக்கார், இளையவ கன்னத்துல விரலை வெச்சுப் பழிப்புக் காட்டுறா, மூத்தவ கல்லை எடுத்துக்கிட்டு அடிக்க நிக்கிறா” என்ற பாணியில் சொன்னதாகக் கூறுவார்கள். புத்தரை அடையாளம் தெரியாத அந்த மனிதனுக்கும் சிரிப்பு அடையாளம் தெரிந்துவிட்டது. சாஸ்திர விற்பன்னர் முகம் சுளிக்கட்டும்; சிற்பி மகிழ்ந்தே இருப்பான்.

கன்னத்தில் விரல் வைத்த அந்த மூன்றாமவர், கொரியாவில் தனி விக்கிரகமாகவும் பெரும் பிரசித்தி அடைந்தார். காந்தாரம், மதுரா முதலிய இடங்களில் முன்பே தோன்றிய இந்தச் சிந்தனைக் கோலத்தை, இளவரசன் சித்தார்த்தன் என்றும், கொரியாவிலோ பெரும்பாலும் வரப்போகும் புத்தரான மைத்ரேயர் என்றும் கொண்டனர். மெழுகில் உருவமைத்துக் கூடாக வார்த்த இத்தகைய இரு பொன்முலாம் சிலைகள், சியோல் தேசிய அருங்காட்சியகத்தில் 2021 முதல் ஒரே அறையில் அருகருகே இருக்கின்றன.

பெக்ஜே மன்னன் சோங், ஜப்பானிய அரசவைக்குப் புத்தப் பிரதிமை ஒன்றை அனுப்பியதாக அந்நாட்டுப் பழைய வரலாற்று நூல் 552-ஆம் ஆண்டுக் குறிப்பில் சொல்கிறது. அங்கும் சமயம் அரண்மனை வழியாகவே புகுந்தது. கியோத்தோவின் கோர்யூஜி ஆலயத்திலுள்ள மர மைத்ரேயரோ, சியோல் சிலைகளுள் ஒன்றின் உடன்பிறப்பு என்னும்படி இருக்கிறார். அக்கால ஜப்பானியச் சிற்பிகள் பெரும்பாலும் கற்பூர மரத்தையே நாடியிருக்க, இவரைச் செதுக்கியது செம்பைன் மரத்தில். ஆகவே அவர் கொரியாவிலிருந்து வந்தவரா, ஜப்பானிலேயே உருவானவரா என்ற வழக்கை அறிஞர்கள் இன்னும் முடிக்கவில்லை.